முதல் மிடறு

என் அண்ணிக்கு எங்கள் சபையின் பாடகர் குழுவில் ‘சைரன்’ என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். ஐந்தடிக்கும் குறைவான ஆள். வாயைத் திறந்தால் மட்டும் தெருமுனையில் நிற்கும் பேருந்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். பெயர் காதில் விழுந்தபோது அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. “சைரன் கேட்டாத்தானே தம்பி எல்லாரும் வழி விடுவாங்க” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

அண்ணிக்குத் தொழில் தையல். பள்ளிச் சீருடைகள். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், துணி வெட்ட ஒரு பழைய சாப்பாட்டு மேசை. அதே வீட்டின் மாடியறையில் நான் இருக்கிறேன். எலெக்ட்ரீஷியன், கல்யாணம் ஆகாதவன், மூன்று வேளையும் அண்ணி சமையல். காலையில் படியிறங்கும்போதே அண்ணி என்ன வேலையில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். நீளத் தையல் ஓடினால் வேகமான பாட்டு, பட்டன் துளைக்குக் காஜா எடுத்தால் மெதுவான பாட்டு. ஜிப் வைக்கும்போது மட்டும் பாட்டே கிடையாது. ஜிப்புக்கும் அண்ணிக்கும் ஆகாது.

பாடகர் குழுவில் நாங்கள் பதினோரு பேர். அண்ணி முன்வரிசை ஓரம். அவருக்குப் பக்கத்தில் டீச்சர், பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அண்ணியின் குரல் மற்றவர்களை அமுக்கும்போதெல்லாம் டீச்சர் கையிலிருக்கும் பென்சிலால் அண்ணியின் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவார். அண்ணி குரலைக் குறைத்துக்கொள்வார், இரண்டு வரிக்கு. பிறகு மறுபடி தட்டு. பதினாறு வருடம் இப்படித்தான் பாடினார்கள். நான் பின்வரிசையின் கடைசி. பெரும்பாலும் வாயை மட்டும் அசைப்பேன். சபைக்கு மைக்கும் மின்விசிறியும் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்பதால் யாரும் என்னை வெளியேற்றவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சி. நடுவில் பத்து நிமிடம் ஓய்வு. ஆர்கன் வாசிப்பவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மெலிந்த மனிதர். பச்சைத் தண்ணீர் குடித்தால் குரல் கட்டிவிடும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அதனால் அண்ணி வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் தேன் கலந்த வெந்நீர் கொண்டுபோவார். ஒரு ஃபிளாஸ்க், ஒரே மூடி. மூடிதான் கோப்பை. அதில் ஊற்றி ஆளுக்கு ஒரு மிடறு குடித்துப் பக்கத்து ஆளிடம் தருவோம். ஒருமுறை ஆர்கன்காரர் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்ட நாளிலிருந்து, “இருங்க, நான் சூடு பார்த்துத் தர்றேன்” என்று முதல் மிடறு அண்ணிதான் குடிப்பார். அடுத்தது டீச்சர். அடுத்தது ஆர்கன்காரர். சுற்றி வந்து கடைசியில் நான். பதினோரு பேருக்கு எதற்கு ஒரே மூடி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் அண்ணி என்னிடம், “இன்னிக்கு நான் வரல தம்பி. காலையிலேருந்து தொண்டை கரகரன்னு இருக்கு” என்றார்.

“துணித் தூசி அண்ணி. நீங்க வரலன்னா மேல போற வரிய யாரு பாடுறது? ஒண்ணும் ஆகாது, வாங்க” என்றேன். வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, ஏறும் வரை ஹாரன் அடித்தேன்.

புதிதாகப் பரவும் நோயைப் பற்றிச் செய்திகளில் கேட்டிருந்தோம். அது விமானத்தில் போகிறவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தோம். அன்று ஓய்வு நேரத்தில் அண்ணி மூடியில் ஊற்றினார், ஊதினார், ஒரு மிடறு குடித்தார். “சரியா இருக்கு” என்று டீச்சரிடம் நீட்டினார்.

பதினோரு பேரில் ஒன்பது பேர் படுத்தோம். அண்ணிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இரண்டு வாரம் குரல் இல்லை. எனக்கு வாசனை போய், பிறகு வந்தது. ஆர்கன்காரர் பன்னிரண்டாம் நாள் இறந்தார். டீச்சர் மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்து இறந்தார். அதற்குள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். கடை, பள்ளி, சபை, கல்லறைக்குப் போகும் வழி எல்லாம். டீச்சரின் அடக்கத்துக்கு அவர் கணவர் ஒருவர்தான் போனார். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். எங்களுக்கு இன்னும் போஸ்ட்மேன் சார்.

டீச்சர் இறந்த மறுநாள் அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் தாண்டிப் போக வழியில்லை.

“நான்தான் தம்பி” என்றார். “சூடு பார்க்கிறேன்னு நான்தானே முதல்ல வாய் வெச்சேன்.”

அண்ணி சொன்னது எனக்கும் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. அதோடு சேர்த்து, ஹாரன் அடித்தது யார் என்பதும். “யாரு கண்டா அண்ணி? எங்கேருந்து வந்துச்சோ” என்றேன். ஏதோ ஒரு டாக்டர் டிவியில், பாத்திரத்தைவிட மூச்சுக்காற்றில்தான் இது அதிகம் பரவும் என்று சொன்னதை எடுத்துவிட்டேன்.

“அப்ப பாட்டும் என்னோடதுதானே? அங்க எல்லாரையும்விட சத்தமா மூச்சு விட்டது யாரு?”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணி கேட்கவில்லை, நானாகவே சொல்லாமல் இருந்துவிட்டேன். என் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் சபை என்ன சொல்லும், சீருடை தைக்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள், போஸ்ட்மேன் சார் முகத்தில் எப்படி விழிப்பது? இந்தப் பயம் வீட்டுக்குள் நாலாவது ஆளாகக் குடிவந்தது. அண்ணி பாடுவதை நிறுத்திவிட்டார். மிஷின் மட்டும் ஓடும். சீருடைக்கு எடுத்த துணியெல்லாம் முகக்கவசமாகிக்கொண்டிருந்தது. படியிறங்கும்போது நீளத் தையலா காஜாவா என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது தெருவில் இருமினால் மிஷின் சட்டென்று நிற்கும், நிற்பது மட்டும் மாடியில் எனக்குக் கேட்கும்.

நாலு மாதம் கழித்து, சபையைத் திறக்கப் போவதாகச் செயலாளரிடமிருந்து ஃபோனுக்கு அறிவிப்பு வந்தது. பதினான்கு விதிகள். ஐம்பது பேருக்கு மேல் கூடாது, பெயர் முன்கூட்டியே தர வேண்டும், முகக்கவசம், கைகுலுக்கக் கூடாது, பாட்டுப்புத்தகம் கிடையாது, பாட்டே கிடையாது. பதினான்கில் மூன்று எழுத்துப்பிழை. அதைப் படித்துச் சிரிக்கலாம் என்று அண்ணியிடம் காட்டினேன். அண்ணி விதிகளைப் பார்க்கவில்லை, கீழே பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். முதல் பெயர் போஸ்ட்மேன் சாருடையது.

“நான் போகல” என்றார்.

போகாமல் இருக்க விட்டால்தானே! அடுத்த நாளே செயலாளர் கூப்பிட்டார். “உங்ககிட்டதாம்மா டேப் இருக்கு. பெஞ்சுக்குப் பெஞ்சு ஆறடி விட்டுக் குறி போட்டுக் கொடுத்துடுங்க.” ஊரில் வேறு யாரிடமும் அளவு டேப் இல்லாதது போல! அண்ணிக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் சொன்னால் காரணத்துக்குக் காரணம் கேட்பார்கள் என்று பயம்.

சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் போய்க் கதவைத் திறந்தோம். மூடிவைத்த பெட்டியின் வாடை. பாட்டு எண்கள் மாட்டும் பலகையில் கடைசி ஞாயிறின் நாலு எண்கள் அப்படியே இருந்தன. நான் மின்விசிறிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நாலு மாதத் தூசியை எங்கள் தலையில் கொட்டியது. அண்ணி கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். ஆறடி என்றால் எழுபத்திரண்டு அங்குலம், தையல் டேப்பில் அறுபதுதான். டேப்பை ஒருமுறை வைத்து, மேலே இன்னொரு பன்னிரண்டு அளந்து, தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். கோட்டின் மேல் நான் என் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன்.

பாடகர் பெஞ்சில் அளந்தபோது கடைசிக் கோடு சரியாக டீச்சரின் இடத்தில் விழுந்தது. அண்ணி அதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு மறுமுனையிலிருந்து அளக்கத் தொடங்கினார். நான் பார்க்காத மாதிரி ஆம்ப்ளிஃபயர் அலமாரியைத் திறந்தேன்.

உள்ளே ஃபிளாஸ்க் இருந்தது. அன்றைக்கு மறந்து வைத்துவிட்டு வந்தது. மூடி அதன் தலையில் கவிழ்ந்திருந்தது. நான் தூக்கியதும் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டது.

“வெச்சுடு” என்றார் அண்ணி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், யாரோ அதைக் கையில் திணிக்க வருகிற மாதிரி. “தம்பி, அதைக் கீழ வெச்சுடு.”

அந்த நேரம் பார்த்துத்தானா போஸ்ட்மேன் சார் வாசலில் வந்து நிற்க வேண்டும்? பாதியாக இளைத்திருந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. டீச்சரின் பாட்டுப்புத்தகத்தை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னார். நான் பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினேன். புத்தகத்துக்குள் அந்தப் பென்சில் இருந்தது. அவர் வாங்கிக்கொண்டு ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

“உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்மா. ரொம்ப நாளா நெஞ்சுல இருக்கு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் பேசுறேன். வந்துடு, கண்டிப்பா வந்துடு” என்றார். பதில் வரும் வரை காத்திருக்கவில்லை.

அன்று முழுக்க அண்ணி சாப்பிடவில்லை. “அவருக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்தார். “டீச்சர் ஆஸ்பத்திரியிலேருந்து சொல்லியிருப்பாங்க. நான் தொண்டையைத் தொண்டையைத் தடவினதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தவங்கதானே?” என் அண்ணன், “சபைக்குப் போறதுக்கு ஏன் இப்படிப் பயப்படுறா? இடைவெளி விட்டுத்தானே உக்காரப் போறா?” என்று என்னைக் கேட்டார். அவருக்கு என்ன தெரியும்! நான் தோளைக் குலுக்கினேன்.

ஆனாலும் அண்ணி போனார். போகாவிட்டால் போஸ்ட்மேன் சார் வீட்டுக்கே வந்துவிடுவார், கணவர் முன்னால் பேசிவிடுவார் என்ற பயம், போகும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கழுத்திலிருந்து டேப்பை எடுக்க மறந்து, நல்ல புடவை மேல் அதையும் போட்டுக்கொண்டு வந்தார். சபை வாசலில்தான் நான் கவனித்தேன்.

வாசலில் செயலாளர், கையில் அட்டை. நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிச் சூடு பார்த்தார். பிறகு ஒரே மூச்சில், “காய்ச்சல் இருமல் தொண்டை வலி உண்டா, வீட்டுல யாருக்காவது உண்டா, இல்லதானே?” என்று கேட்டுவிட்டு, நாம் வாய் திறக்குமுன் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். ஐம்பது பேருக்கும் அதே டிக்.

உள்ளே ஆளுக்கொரு சிவப்புக் குறியில் உட்கார்ந்தோம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, சிரித்தாலும் தெரியாது. போதகர் பாட்டின் வரிகளைப் பாடாமல் வாசித்தார். ஆர்கன் துணி போர்த்தி மூடியிருந்தது. நடுவில் யாரோ ஒருமுறை இருமினார். ஐம்பது தலையும் திரும்பியது. இருமியவர் கையை உயர்த்தி, “எச்சில் புரையேறிடுச்சு, எச்சில்தான்” என்று மன்றாடினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அண்ணி டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் போஸ்ட்மேன் சார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் எங்களுக்காக நின்றார். அண்ணி ஆறடி தள்ளி நின்றார். நான் வண்டியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தேன்.

“என்னை மன்னிச்சுடும்மா” என்றார் அவர்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

“என்னாலதான் எல்லாமே. அந்த வாரம் திங்கக்கிழமை என்கூட வேலை பார்த்தவரு காய்ச்சல்ல படுத்திருக்காருன்னு போய்ப் பார்த்தேன். புதன்கிழமை எனக்கு உடம்பெல்லாம் வலி. மாத்திரையைப் போட்டுட்டு அவகிட்ட சொல்லாம மறைச்சுட்டேன். சொன்னா என்னைப் பார்த்துக்க வீட்டுல இருந்துடுவா. அந்த ஞாயித்துக்கிழமை அவ தனியா ரெண்டு வரி பாடுறதா இருந்துச்சு. ஒரு மாசமா சமையல்கட்டுல பாடிப் பாடிப் பார்த்தா. அது கெட்டுடுமேன்னு...” கையிலிருந்த டீச்சரின் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டி மூடினார். “நான் அவளுக்குக் கொடுத்தேன். அவ உங்க எல்லாருக்கும் கொடுத்துட்டா. ஆர்கன்காரர் போனதும் என்னாலதான். இப்ப நீ பாடுறதையே விட்டுட்டேன்னு சொன்னாங்க. அதுவும் என்னாலதானேம்மா?”

நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடி எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. பேசாமல் இருங்கள் அண்ணி, அவரே எடுத்துக்கொண்டார், விடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அண்ணியின் தோளும் இறங்கியதைப் பார்த்தேன். நாலு மாதமாக ஏறியே இருந்த தோள். இன்னும் ஒரு நிமிடம் அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அந்தப் பயம் எங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கும்.

“இல்ல சார்” என்றார் அண்ணி. “அன்னிக்குக் காலையிலேயே எனக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. தெரிஞ்சேதான் வந்தேன். மூடியில முதல்ல குடிச்சது நான்தான்.”

அவர், “அவ எத்தனாவதா குடிச்சா?” என்று கேட்டார்.

“எனக்கு அடுத்து.”

அவர் பாட்டுப்புத்தகத்தைச் சைக்கிள் கூடையில் வைத்தார், மறுபடி எடுத்தார். “நாலு மாசம்மா” என்றார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. “ஒரு ஃபோன் போட்டிருக்கலாமேம்மா. அவ படுத்திருந்த ரூமுக்குள்ள நான் இன்னும் போகல. நான்தான் கொன்னேன்னு நினைச்சு, வாசல்லயே பாயைப் போட்டுக் கிடக்கிறேன்.”

“பயமா இருந்துச்சு சார்.”

“எனக்கும்தாம்மா” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறி உட்காரவில்லை.

அண்ணி “தெரிஞ்சேதான் வந்தேன்” என்று சொன்னாரே தவிர, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது யார் என்று சொல்லவில்லை. நானும் பக்கத்தில் துணியும் கையுமாக நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் பதினாறு வருடம் வாயை மட்டும் அசைத்தவனுக்கு அன்று அதுகூட முடியவில்லை.

அடுத்த மூன்று நாள் தெருவில் வண்டி நின்றாலே எங்கள் இருவருக்கும் திக்கென்றது. போஸ்ட்மேன் சார் எல்லோரிடமும் சொல்லியிருப்பார், செயலாளர் வருவார், ஆர்கன்காரர் வீட்டார் வருவார்கள் என்று. யாரும் வரவில்லை. புதன்கிழமை அவரிடமிருந்து அண்ணிக்கு ஃபோன் வந்தது. அண்ணி எழுந்து நின்று பேசினார். பேசினார் என்ன, கேட்டார். வைத்துவிட்டு என்னிடம், “நேத்து ரூமுக்குள்ள போனாராம். ஜன்னலைத் திறந்து வெச்சிருக்காராம். வேற ஒண்ணும் சொல்லல” என்றார்.

வியாழக்கிழமை காலை படியிறங்கினேன். வேகமான பாட்டு. நீளத் தையல். நான் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குரல் துருப்பிடித்து, இரண்டு வரிக்கு ஒருமுறை உடைந்தது. அண்ணி விடவில்லை. வியாழன், வெள்ளி, சனி என்று நாலு மாதப் பாக்கியையும் மூன்று நாளில் பாடித் தீர்த்தார். ஜிப் வைக்கும்போதுகூடப் பாடினார்.

ஞாயிறு காலை குரல் கம்மியிருந்தது. அண்ணி தொண்டையைத் தடவினார். என்னைப் பார்த்தார்.

“மூணு நாளா கத்தினா கட்டத்தான் செய்யும். வேற ஒண்ணுமில்ல, போய்ட்டு வா” என்றார் என் அண்ணன், தினசரியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுத்தேன், ஹாரன் அடிக்கவில்லை. அண்ணி தானாக வந்து ஏறினார்.

வாசலில் செயலாளர் நெற்றியில் சூடு பார்த்தார். சரியாக இருந்தது. “காய்ச்சல் இருமல் தொண்டை வலி உண்டா, இல்லதானே?” பேனா ஏற்கெனவே கட்டத்துக்குப் போய்விட்டது.

“உண்டு” என்றார் அண்ணி. “தொண்டை வலி உண்டு.”

செயலாளருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பதினான்கு விதியில் இது இல்லை போல. வரிசையில் நின்றவர்கள் ஒரு காலடி பின்வாங்கினார்கள். இரண்டு பேர் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டார்கள். அந்தப் பார்வைகளுக்கு நடுவே அண்ணி திரும்பி நடந்து வண்டிக்குப் போனார். பேனா என் பக்கம் வந்தது. “வீட்டுல யாருக்காவது...”

“உண்டு” என்றேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் போஸ்ட்மேன் சார் நின்றிருந்தார். நான் அவரிடம் திரும்பினேன். எல்லோர் காதிலும் விழும் என்று தெரியும். விழட்டும்.

“சார், அன்னிக்கு அவங்க வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வண்டியில ஏத்திட்டு வந்தது நான்.”

அவருடைய முகக்கவசம் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்தது.

“இன்னிக்கு?” என்றார்.

“இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல சார்.”

“சரி. அண்ணியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மெதுவா போ” என்றார்.

வண்டியில் அண்ணி வழக்கம்போல என் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் முதுகிலிருந்து முடிந்த மட்டும் வெளியே திருப்பிக்கொண்டார். அவர் மூச்சை அடக்கி அடக்கி விடுவது எனக்குக் கேட்டது. டெஸ்ட் எடுக்க வேண்டும், முடிவு வர இரண்டு நாள் ஆகும். ஒண்ணும் ஆகாது அண்ணி என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.